அந்துருண்டை போட்ட விரிப்பு

பூச்சிகளைக் கூப்பிட ஒரு வெள்ளை விரிப்பு வேண்டும் என்று நாங்கள் போய்க் கேட்டது, பூச்சி என்றாலே பல்லைக் கடிக்கிற ஒரு மனுஷனிடம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்துக் கடையில் கேட்டிருப்போம். பக்கத்துக் கடை செருப்புக் கடை என்பது வேறு விஷயம்.

நாங்கள் என்றால் நானும் பூச்சி மேடமும். மேடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருப்பவர். கவுண்டர் மூடியதும் பையில் ஒரு லென்ஸைப் போட்டுக்கொண்டு புதர் புதராகக் கிளம்பிவிடுவார். அந்தப் பேர் அப்படி வந்ததுதான். மழைக்காலம் தொடங்கியதும் ஒவ்வொரு வருஷமும் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து 'நம்ம செடி நாள்' நடத்துவோம். சாயந்திரம் இந்த மண்ணிலேயே முளைக்கிற செடிகளின் கன்றுகளைக் கொடுப்பது, இருட்டியதும் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டி விளக்குப் போட்டு விட்டில்களையும் அந்துப்பூச்சிகளையும் வரவழைத்து எல்லோருக்கும் காட்டுவது. வழக்கமாக நடக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் அந்த வருஷம் முழங்கால் தண்ணீர். தவளைகள் ஏற்கெனவே அங்கே தங்கள் விழாவை ஆரம்பித்திருந்தன.

நான் வாடகைக்கு இருந்த அறைக்கு நேர்கீழே சலவைக்கடை. முன்னறையில் கம்பளி விரித்த இஸ்திரி மேசை. கம்பளியில் இஸ்திரிப் பெட்டி பதிந்த பழுப்புத் தடங்கள். பின்னால் இரண்டு சிமெண்டுத் தொட்டி, அதையும் தாண்டினால் துணி காயப்போடுகிற கொல்லை. நீளநீளமாகக் கயிறுகள், நடுவில் தொய்யாமல் இருக்கக் கவைக்கம்புகள், மூன்று பக்கமும் கம்பிவேலி. வேலி கண்ணுக்கே தெரியாது. அத்தனை அடர்த்தியாகக் கோவைக்கொடி. எங்களுக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. விரிப்போடு இடத்தையும் சேர்த்துக் கேட்டோம்.

"எந்தப் பூச்சியக் கூப்பிடப் போறீங்க?" என்றார் அண்ணன். கடைக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவியை அக்கா என்று.

"அந்து, விட்டில், இந்த மாதிரிண்ணே," என்றார் மேடம்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்தா?"

"ஆமாண்ணே."

"மேடம், கேட்டுக்கங்க. கடை தொடங்கின புதுசுல ஒருத்தரோட கம்பளிக் கோட்டு. நல்லா துவைச்சு அலமாரியில வச்சேன். அவர் ஊருக்குப் போயிட்டு வந்து கேக்கறார், எடுத்து உதறினா முதுகுல ஓட்டை. அது வழியா அவர் மூஞ்சி எனக்குத் தெரியுது, என் மூஞ்சி அவருக்குத் தெரியுது. அன்னையிலேருந்து அந்துருண்டை இல்லாத அலமாரி இந்தக் கடையில கிடையாது. அதுங்கள விரட்டறதே எனக்குப் பாதி வேலை. நீங்க என்னடான்னா பந்தி போட்டுக் கூப்பிடணும்ங்கறீங்க."

"துணி திங்கறது அதுல ஒண்ணு ரெண்டு வகைதாண்ணே. அதுவும் புழுவா இருக்கறப்போ. மத்தது பூரா பாவம், இலையும் தேனும்தான்."

"ஊர்ல ஒருத்தன் ரெண்டு பேர்தான் திருடன். அதுக்காக நான் கதவத் தொறந்து போட்டுட்டா தூங்கறேன்?"

தொட்டியில் கையை விட்டிருந்த அக்கா முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி, அவர் சொல்றது கெடக்கட்டும். எங்க நெலம தெரியுமா உங்களுக்கு? பின்னால ஃபிளாட்டு இருக்குல்ல, அவங்க நம்ம ஓனருக்கு நெதம் போன் போடறாங்க. உங்க வேலியிலேருந்து பூச்சி வருது, வீடு பூரா பூச்சி, சோத்துல விழுது, பிள்ளைங்க மேல விழுதுன்னு. ஓனர் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, திங்கக்கிழமை கொடிய வெட்டி எறிஞ்சுட்டுத் தரை பூரா சிமெண்டு போட்டு வண்டி நிறுத்த விட்டுடறேன்னு சொல்லிட்டாரு. வண்டி நிறுத்தினா நான் துணிய எங்க காயப்போடுவேன்? தலையிலயா?"

எனக்குச் சுருக்கென்றது. தினமும் மாடிப்படியில் இவர்களைத் தாண்டித்தான் போகிறேன். ஒரு வார்த்தை தெரியாது.

"கொடிய மட்டும் வெட்டினாகூடப் போச்சு," என்றார் அண்ணன். "ரோட்டுத் தூசிய அதுதான் பிடிச்சு வைக்குது. அது இல்லன்னா காலையில வெள்ளையாப் போட்டதச் சாயந்திரம் காக்கியா எடுக்கணும்."

"இதுல நீங்க வேற வந்து, ஊரக் கூட்டி, எங்க கொல்லையில எவ்வளவு பூச்சி இருக்குன்னு விளக்குப் போட்டுக் காட்டப் போறீங்க," என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மேடம் பையைத் தோளில் போட்டார். "வேணாங்க. வேற எடம் பாத்துக்கறோம்."

அப்படியே போயிருப்போம். அந்த நேரம் பார்த்து ஓனர் ஐயா வாசலில் நின்றார். மாடியில் குடியிருப்பவர், பழைய பஸ் கண்டக்டர். இரண்டு பேர் கூடினாலே 'உள்ள போ, உள்ள போ' என்று சொல்லத் தோன்றும் போல, கையை அசைத்துக்கொண்டேதான் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏன் வேற எடம்? இங்கயே நடத்துங்க. எப்படியும் போற எடம்தான். நானும் நாற்காலி போட்டு உக்காந்து எவ்வளவு பூச்சி இருக்குன்னு கண்ணால பாத்துடறேன். அப்புறம் என்னைய யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்க."

ஓனர் சொன்ன பிறகு அண்ணன் மறுக்க முடியுமா? "ஐயா சொன்னா சரிங்க," என்றார். அவர் போன பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் காலர் மேல் வைத்து அழுத்திய அழுத்து இருக்கிறதே, அந்தக் காலர் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். முந்தின நாள் பெய்த மழை தரையிலிருந்து ஆவியாகி மேலே வந்துகொண்டிருந்தது. காற்று துளிக்கூட இல்லை. பூச்சி பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது, துணி காய இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. அண்ணன் கனமான துணிகளை எல்லாம் ஓரக் கயிறுக்கு மாற்றி, ஒவ்வொரு போர்வைக்கும் நடுவில் ஒரு கை இடம் விட்டு, கவைக்கம்பைத் தூக்கித் தூக்கி நட்டுக்கொண்டிருந்தார். நானும் கூடமாட ஓடினேன். நான் கிளிப் போட்ட துணிகளை அக்கா பின்னாலேயே வந்து கழற்றி மறுபடி போட்டார்.

"தம்பி, சட்டைக்கு இடுப்புலதான் கிளிப்பு. தோள்ல போட்டா அவர் ஆபீசுல ரெண்டு கொம்போட நிப்பாரு."

மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மூன்று பேரும் தின்றோம். அண்ணன் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னிக்கு ஒரு பூச்சியும் வராமப் போயிட்டா?"

"வராமப் போனா நல்லதுதாங்க. ஓனர் பாத்துட்டு, என்னடா இது, ஒண்ணுமே இல்லையேன்னு விட்டாலும் விடுவாரு." சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி."

பத்து வருஷமாக இந்த நாளுக்காகத் துள்ளிக் குதிக்கிறவன் நான். பூச்சியே வரக் கூடாது என்று முதல் தடவையாக அன்றைக்குத்தான் பாதி மனசோடு வேண்டிக்கொண்டேன்.

சாயந்திரம் கன்று மேசை போட்டதும் கூட்டம் வர ஆரம்பித்தது. பால் கவரில் வளர்த்த நொச்சி, ஆடாதொடை, முடக்கத்தான், ஒரு கூடை நிறையக் கோவைக்கொடித் துண்டுகள். 'இது வேலியில சும்மா கெடக்கிறதாச்சே, இதப் போய்க் குடுக்கறீங்க' என்று ஒருவர் கேட்டார். 'சும்மா கெடக்கறப்போவே குடுத்துடணும்ங்க, அப்புறம் கெடைக்காது' என்றார் மேடம். ஃபிளாட்டிலிருந்து பிள்ளைகள் ஒரு படையாகவே வந்தார்கள். பிள்ளைகள் பின்னால் ஃபிளாட் சங்கத்துச் செக்ரட்டரி அம்மா. போன் போடுகிறவர் அவர்தான். புடவைத் தலைப்பை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, வேலியிலிருந்து ஒதுங்கி, ஓனர் ஐயாவின் நாற்காலி பக்கம் நின்றார்.

"பாத்தீங்களா, எவ்வளவு புதரு," என்றார்.

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்," என்றார் ஓனர்.

இருட்டத் தொடங்கியது. இருட்டியது என்று முழுசாகச் சொல்ல முடியாது. போன கோடையில் யாரோ ஃபிளாட்டில் ஸ்கூட்டரைத் திருடிக்கொண்டு போனதிலிருந்து, பின்சுவரின் உச்சியில் பெரிய வெள்ளை விளக்கு ஒன்று போட்டிருந்தார்கள். அது விடிய விடிய எங்கள் கொல்லையையும் சேர்த்துப் பகலாக்கிவிடும். அண்ணன் அந்த வெளிச்சத்தில்தான் சாயந்திரத் துணிகளை எடுப்பார். 'ஓசி கரண்டு' என்று அதற்குச் செல்லப் பேர் வேறு.

"விரிப்பு குடுங்கண்ணே," என்றேன்.

அண்ணன் உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். பழசைக் கொடுத்து ஒப்பேற்றியிருக்கலாம். அது அவரால் முடியாது. கடையிலிருந்து போகிற துணி என்றால் நல்லதாகத்தான் போக வேண்டும். தன் கல்யாணத்துக்கு வாங்கி, வருஷம் ஒரு தடவை துவைத்து மடித்து வைக்கிற இரட்டைக் கட்டில் விரிப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பால் மாதிரி இருந்தது. கயிற்றில் கட்டினோம். மேடம் முன்னால் தன் ஊதா விளக்கைப் பொருத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முதல் தும்மல் ஒரு சின்னப் பெண்ணுடையது. இரண்டாவது மேடம். பிறகு வரிசையாக.

"என்ன வாசம் இது?" என்றார் மேடம். விரிப்பருகே போய் முகர்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "அண்ணே... இதுல அந்துருண்டை போட்டிருந்தீங்களா?"

"போடாம? மடிப்புக்கு மடிப்பு போட்டிருக்கேன்!" என்றார் அண்ணன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஐயையோ."

விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நாயைக் கட்டிய கதைதான். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விரிப்பில் ஒரு கொசுகூட உட்காரவில்லை. நேரம் போனது. பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து விளையாட ஆரம்பித்தார்கள். ஓனர் ஐயா கொட்டாவி விட்டார். அண்ணன் என் காதருகே வந்து, "வேணும்னு செய்யல தம்பி, சத்தியமா. ஆனா நல்லதுக்குத்தான் போல," என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. ஒண்ணும் வரவில்லை, ஓனர் பார்த்துவிட்டார், முடிந்தது.

முடிந்திருக்கும். செக்ரட்டரி அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

"இதுக்குத்தான் நாங்க இந்தக் கடையில துணி போடறதில்ல," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "துவைச்ச துணியே இந்த நாத்தம் நாறுது."

அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கெட்டிலை அப்படியே கீழே வைத்தார்.

கடைக்குள் போனவர் வரும்போது கையில் இன்னொரு விரிப்பு. அன்று காலையில் துவைத்த அவர்கள் வீட்டுச் சாதா விரிப்பு, ஓரத்தில் ஒட்டுப் போட்டது. அண்ணன் குறுக்கே நின்றார்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஓனர் உக்காந்திருக்காரு. சும்மா இருந்தா தப்பிச்சோம்."

"நகருங்க. கொல்லை போனா போகட்டும். என் துணி நாறுதுன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போகக் கூடாது."

"திங்கக்கிழமை என்ன பண்ணுவ?"

"திங்கக்கிழமை அழறேன். இன்னிக்குப் பிடிங்க இந்த மூலைய."

அண்ணன் பிடித்தார். வேறு என்ன செய்வார்? அந்துருண்டை விரிப்பை அவிழ்த்து வெளி வாசலுக்குக் கொண்டுபோனேன். புது விரிப்பு ஏறியதும் ஊதா விளக்கு பட்டு அது தானாகவே ஒளிர்வது போல நீலவெள்ளையாக மின்னியது. "அக்கா, என்ன போட்டுத் துவைச்சீங்க?" என்று வாயைப் பிளந்தார் மேடம். "வெளுப்புப் பொடிதாங்க. எல்லாருக்கும் போடறதுதான்," என்றார் அக்கா, செக்ரட்டரி அம்மா பக்கம் திரும்பாமலே.

ஒன்றிரண்டு வந்தன. அவையும் உட்காராமல் விரிப்பைத் தொட்டுவிட்டு மேலே மேலே போயின. மேடம் கழுத்தை வளைத்து அவை போகிற திசையைப் பார்த்தார். ஃபிளாட்டின் பெரிய விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு சுழல்.

"அம்மா," என்றார் செக்ரட்டரி அம்மாவிடம், "அந்த லைட்ட கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா? அது இருக்கற வரைக்கும் எல்லாம் அங்கதான் போகும்."

"அது பாதுகாப்புக்குப் போட்டது. அதெல்லாம் நிறுத்த முடியாது."

பிள்ளைகள் விடுவார்களா? "ஆன்ட்டி ப்ளீஸ்" என்று ஆரம்பித்த சத்தம் ஐந்தாறு வீட்டு ஜன்னல்களைத் திறக்க வைத்தது. "சரி சரி, கத்தாதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம்," என்று காவல்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

விளக்கு அணைந்தது.

ஓசி கரண்டு போனதும்தான் அந்தக் கொல்லைக்கு இருட்டு என்று ஒன்று இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. ஈர மண் வாசமும் கோவையிலை வாசமும் அதுவரை எங்கே இருந்தனவோ, திடீரென்று பக்கத்தில் வந்து நின்றன. பிறகு அவை வந்தன. முதலில் அரிசி நொய் அளவில், பிறகு நகக்கண் அளவில், பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒன்று பொத்தென்று விழுந்து ஊர்ந்து நிமிர்ந்தது. மரப்பட்டை மாதிரி ஒன்று, காய்ந்த இலை மாதிரி ஒன்று, பச்சைப் பட்டுத் துணியில் வெட்டியது மாதிரி ஒன்று. பிள்ளைகள் கத்தக்கூட மறந்துபோனார்கள். ஒட்டுப் போட்ட விரிப்பு பூவேலை செய்த விரிப்பாகிவிட்டது.

நான் விரிப்பைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் ஓனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் நாற்காலியை விட்டு எழுந்து விரிப்பருகே வந்து நின்றார்.

"மேடம்," என்று ஒரு குரல். அண்ணன்தான். மூக்கு துணியில் இடிக்கிற தூரத்தில் குனிந்திருந்தார். "இது யாரு மேடம்?"

முத்து வெள்ளையில் ஒரு சின்னப் பூச்சி. இறக்கைகள் தட்டையாக விரிந்திருந்தன. சுற்றிலும் ஒரே அகலத்தில் பழுப்புக் கரை. பின்னால் ஒரு குஞ்சம்.

"இதுவா? உங்க வேலிக்காரிதாண்ணே. கோவையிலையத் தின்னுதான் வளருது."

"துணி?"

"தொடவே தொடாது."

"ஒரு சுருக்கம் இல்ல பாருங்க," என்றார் அண்ணன். "கரையும் வெள்ளையும் சேர்ற எடத்துல இஸ்திரி போடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இழுத்துக்கிட்டு நிக்கும். யாருப்பா இதுக்குப் போட்டது?"

ஓனர் தொண்டையைச் செருமினார். "அப்ப வேலியில பூச்சி இருக்குறது நிஜந்தான்."

அண்ணன் நிமிர்ந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இருக்குங்க ஐயா," என்றார்.

"நான்தான் சொன்னேனே," என்று செக்ரட்டரி அம்மா ஆரம்பிக்கும்போது மேலே மூன்றாவது மாடியிலிருந்து ஒரு ஆண் குரல் இடி மாதிரி இறங்கியது.

"ஏய்! லைட்ட போட்டுடாத! இங்க ஒண்ணுகூட இல்ல!"

எல்லோரும் அண்ணாந்தோம். பால்கனியில் கையில் தட்டோடு ஒரு மனுஷர். செக்ரட்டரி அம்மாவின் வீட்டுக்காரர்.

"தட்டு மேல பேப்பர் மூடாமச் சாப்பிடறேன்! ஆறேழு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் குழம்ப முழுசாப் பாக்கறேன்! போடாதன்னு சொல்லு அந்த ஆளுகிட்ட!"

பக்கத்து பால்கனியிலிருந்து ஒரு அம்மா: "ஆமாங்க, எங்க ஜன்னல்லயும் இல்ல!"

கொல்லையே சிரித்தது. செக்ரட்டரி அம்மா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவை நாற்றத்துக்காக இல்லை. ஓனர் மட்டும் சிரிக்கவில்லை. டிக்கெட் கிழிக்கிற விரல்களால் எதையோ எண்ணுவது போல ஒரு கணக்குப் போட்டார். "ஏம்மா, உங்க லைட்டு எப்பப் போட்டீங்க? கோடையிலயா? எனக்கு நீங்க போன் போட ஆரம்பிச்சதும் கோடையிலதான்." அவ்வளவுதான் சொன்னார். நாற்காலியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

அக்கா அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே இறங்கியபோது கண் சிவந்திருந்தது. அண்ணன் மேசையில் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார். ஓனர் வந்தார். கையில் சில்லறைத் துணிகள், இஸ்திரிக்கு.

"சிமெண்டுக்காரன வர வேணாம்னு சொல்லிட்டேன்."

அண்ணன் சட்டையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"என்னப்பா முழிக்கற? போன்தான் என் தொந்தரவு. நேத்து ராத்திரி லைட் போடல, போனும் வரல. நான் அசந்து தூங்கினேன். இனிமே கீழ் பாத்த மாதிரி மஞ்சள் பல்பு போட்டுக்கறாங்களாம், அதுக்குப் பூச்சி அவ்வளவா வராதாம். பூச்சி வேலியில இருந்தா எனக்கென்ன, டிக்கெட்டா எடுக்கப் போவுது?" திரும்பிப் போனவர் வாசலில் நின்றார். "அந்தக் கரை வச்ச பூச்சி நல்லா இருந்துச்சுப்பா."

அண்ணன் ஓனர் கொடுத்த வேட்டியை மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்து, கரைக்கும் வெள்ளைக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி இஸ்திரி போட ஆரம்பித்தார். எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் நன்றி என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வேட்டியைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை செக்ரட்டரி அம்மாவும் ஒரு பெரிய பையோடு வந்தார். பையை வைத்துவிட்டு, "அந்த உருண்டை மட்டும் வேணாம்," என்றார். "உங்களுக்கு வெயில் வாசத்தோடயே தரேங்க," என்றார் அக்கா.

கல்யாண விரிப்பிலிருந்து அந்துருண்டை வாசம் போவேனா என்றது. மழையில் நனைய விட்டார்கள், வெயிலில் காய விட்டார்கள். ஒருவழியாக ஒரு சாயந்திரம் அக்கா முகர்ந்து பார்த்துத் தலையசைத்ததும், இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடிக்கப் போனார்கள். நான் படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இரு, இரு, கிட்ட வராத," என்றார் அண்ணன்.

"என்னங்க?"

"நடுவுல பாரு."

விரிப்பின் நடுவில் அந்த வெள்ளைப் பூச்சி. பழுப்புக் கரை, குஞ்சம், ஒரு சுருக்கம் இல்லை.

"உதறுங்க, போயிடும்."

"ஏம்மா உதறணும்? நம்மள இந்த எடத்துல நிக்க வச்சதே அதுதான். கொஞ்ச நேரம் நம்ம நிக்கலாமே அதுக்காக."

"எனக்குக் கை வலிக்குது."

"தம்பி, அக்கா முனைய வந்து பிடிங்க."

"வேணாம், வேணாம். நானே பிடிச்சுக்கறேன்," என்றார் அக்கா.

இரண்டு பேரும் விரிப்பை இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள். பின்சுவரில் மஞ்சள் பல்பு எரிய ஆரம்பித்தது. பூச்சிக்கு அவசரமே இல்லை.